ஸைத்தூன் நகரின் கல்லறைக் கற்கள்: சீன வரலாற்றில் பல சமய வாழ்வு





கல்வியையும் சீன தேசத்தையும் இணைத்துக் கூறப்படும் ஒரு வாசகம் நம் மேடைகளில் அடிக்கடி ஒலிப்பதுண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பது ஹதீஸ் கலை வல்லுநர்கள் பலரின் முடிவாகும். அவ்வாறே, நபித்தோழர் ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் சீனம் சென்று அங்கேயே அடங்கியிருப்பதாகச் சீன முஸ்லிம்களிடையே ஒரு மரபுச் செய்தி உண்டு. அன்னார் மதீனாவில் ஜன்னத்துல் பகீயில் அடக்கம் செய்யப்பட்டார்கள் என்பதே வரலாறு. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது என்பதற்காக எதையும் வரலாறென்று கொள்ளலாகாது. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில், கி.பி. 651-இல், அரபு நாட்டுத் தூதுக்குழு ஒன்று தாங் பேரரசரின் அவைக்கு வந்ததாகச் சீனரின் அரசவைக் குறிப்புகளே கூறுகின்றன. நமக்கு அதுவே போதுமானது.

பல சமயத்தார் அடுத்தடுத்து வாழ்ந்த சீனத்தில், சில சமூகங்கள் சுவடின்றி மறைந்தன, சில நிலைத்தன. எது அவர்களைக் காத்தது? எது கைவிட்டது? இவ்வினாவிற்கு ஒரே ஒரு துறைமுக நகரின் கற்கள் விடை சொல்கின்றன. சிறுபான்மையாய் வாழும் நாம் அதனைச் செவிமடுக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மதிலுக்குள் கிடைத்த கற்கள்

சீனத்தின் தென்கிழக்குக் கரையில், ஃபூஜியான் மாநிலத்தில் உள்ள ஊர் சுவான்சௌ. கலியாண முருங்கை வகையைச் சேர்ந்த மரங்கள் அங்கே மிகுதியாக நடப்பட்டிருந்தமையால், அம்மரத்தின் சீனப் பெயராகிய 'சிதோங்' என்பதும் ஊருக்குப் பெயராயிற்று. அரபு வணிகர் நாவில் அது 'ஸைத்தூன்' என்றானது. ஸைத்தூன் என்பது ஒலிவ மரத்தைக் குறிக்கும் அரபுச் சொல். ஆனால் அந்நகரில் ஒலிவ மரமே இல்லை; அது வெறும் பெயரே என்று பயணி இப்னு பதூதா எழுதியுள்ளார்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நகரின் பழைய மதில் இடிக்கப்பட்டபோது, சுவருக்குள்ளிருந்து எழுத்துப் பொறித்த கற்கள் வெளிவந்தன. அவற்றுட் பல மய்யித்துகளை அடக்கிய கப்ருகளின் மீஸான் கற்கள். சிலவற்றில் அரபி, சிலவற்றில் பாரசீகம், சிலவற்றில் சிலுவையும் சிரியாக் எழுத்தும், ஒன்றில் இலத்தீன். வூ வென்லியாங் என்னும் பள்ளி ஆசிரியர் இக்கற்களைத் தேடித்தேடிச் சேகரித்தார். 1957-இல் அவற்றைப் பற்றி நூலொன்றும் வெளியிட்டார். அக்கற்களில் பல இன்று அந்நகரின் கடல்சார் வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன.

கப்ருகளின் கற்கள் மதிலுக்குள் சென்றது எவ்வாறு? அதனைப் பின்னர்க் காண்போம். முதலில், அக்கற்களுக்கு உரியோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைப் பார்ப்போம்.

அவரவர்க்கு அவரவர் சட்டம்

கன்பூசியஸின் நெறி, தாவோ நெறி, பௌத்தம் ஆகிய மூன்றும் சீனரின் வாழ்வில் பிணைந்தவை. இவற்றுள் பௌத்தம் இந்தியாவிலிருந்து சென்றது. கி.பி. 635-இல் கீழைத் திருச்சபையின் துறவியொருவர் தலைநகர் சாங்கானை அடைந்தார். 638-இல் அச்சமயத்திற்கு அரச அனுமதி கிடைத்தது. பாரசீகத்தின் நெருப்பு வழிபாட்டாரும் மானி மதத்தாரும் வந்தனர்.

தாங் பேரரசின் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஒரே நாட்டைச் சேர்ந்த அயலார் தமக்குள் வழக்கிட்டால், அவர்களுடைய வழக்கப்படியே தீர்ப்பளிக்க வேண்டும்; வெவ்வேறு நாட்டார் தமக்குள் வழக்கிட்டால் சீனச் சட்டம் செல்லும். கி.பி. 851-இல் எழுதப்பட்ட அரபுப் பயண நூலொன்று, கான்ஃபூ என்று அரபிகள் அழைத்த குவாங்சௌ துறைமுகத்தில் முஸ்லிம்களுக்கிடையே தீர்ப்பளிக்க ஒரு முஸ்லிமையே பேரரசர் நியமித்திருந்தார் என்றும், பெருநாள் தொழுகையை நடத்தி குத்பா ஓதியவரும் அவரே என்றும் கூறுகிறது.

இது கருணையால் மட்டும் விளைந்ததன்று. கடல் வணிகத்தின் தீர்வை அரசின் கருவூலத்தை நிரப்பியது. 1087-இல் சொங் அரசு சுவான்சௌவில் கடல் வணிக அலுவலகம் நிறுவியது. அதற்கு முன்பே அந்நகரில் பள்ளிவாசல் எழுந்துவிட்டது. அஸ்ஹாப் பள்ளிவாசலின் அரபுக் கல்வெட்டு, அது ஹிஜ்ரி 400-இல், அதாவது கி.பி. 1009-10-இல், கட்டப்பட்டதென்றும், ஹிஜ்ரி 710-இல் ஷீராஸ் நகரத்து அஹ்மத் என்பவரால் புதுப்பிக்கப்பட்டதென்றும் கூறுகிறது. அதன் கருங்கல் வாயிலும் சுவர்களும் இன்றும் நிற்கின்றன.

மங்கோலியரின் யுவான் ஆட்சியில் அந்நகரின் சமயப் பன்மை உச்சத்தை எட்டியது. 1281-ஆம் ஆண்டு, சக ஆண்டு 1203, சித்திரைத் திங்களில் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்துள்ளது. சம்பந்தப் பெருமாள் என்பார் கானின் நலத்தின் பொருட்டுச் சிவன் கோயில் எடுப்பித்ததை அது தெரிவிக்கிறது. நம் தமிழ் எழுத்து சீன மண்ணில் கல்லில் நின்றது என்பது நம் நெஞ்சைத் தொடும் செய்தியன்றோ! 1313-ஆம் ஆண்டின் ஒரு கல்லறைக் கல், கிறிஸ்தவர்களையும் மானி மதத்தாரையும் சேர்த்து மேற்பார்வையிட்ட ஆயர் ஒருவருடையது. ரோமாபுரித் திருச்சபையின் ஆயர் ஆண்ட்ரூ என்பார் 1326-இல் அந்நகரிலிருந்து எழுதிய மடலில், இப்பேரரசில் எல்லாச் சமயத்தாரும் தத்தம் சமயப்படி வாழ விடப்பட்டுள்ளனர் என்று வியந்துள்ளார். நகருக்கு அருகே ஒரு குன்றில் 1339-இல் மானியின் உருவம் பாறையில் செதுக்கப்பட்டது.

1340-களின் நடுவில் அங்கே சென்ற இப்னு பதூதா, உலகின் மாபெரும் துறைமுகங்களுள் ஒன்றென அதனைப் போற்றினார். காஜியையும் ஷைகுகளையும் சந்தித்தார். தாம் இந்தியாவுக்கு வந்த புதிதில் தமக்குக் கடன் தந்து உதவிய தப்ரீஸ் நகரத்து வணிகர் ஒருவரையும் அங்கே கண்டார். அவர் திருக்குர்ஆனை மனனம் செய்தவர் என்றும் குறிப்பிட்டார். உலகின் மறு கோடியிலும் ஒரு முஃமினுக்கு அறிமுகமான முகம் கிடைத்த காலம் அது.

கருவூலம் தந்த சுதந்திரம்

இத்துணைச் சிறப்பைச் சொன்ன நாம், அதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அரசின் தேவையால் வந்த சுதந்திரம், தேவை மாறியபோது மாறியது.

கி.பி. 845-இல் பேரரசர் வூசொங் பௌத்த மடங்களின் மீது கைவைத்தார். மடங்களின் நிலங்களுக்கு வரி இல்லை, துறவியரும் வரி செலுத்துவதில்லை, கருவூலமோ வறண்டிருந்தது. 4,600 மடங்கள் மூடப்பட்டன. 2,60,500 துறவியர் இல்வாழ்வுக்குத் திருப்பப்பட்டனர் என்று அரசாணையே கணக்குத் தருகிறது. கிறிஸ்தவத் துறவியரும் நெருப்புக் கோயில் பூசகரும் அதே ஆணைக்கு இலக்காயினர். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, ஹுவாங் சாவ் என்னும் கலகக்காரனின் படை குவாங்சௌவைச் சூறையாடியது. அதில் முஸ்லிம்கள், யூதர்கள், கிறிஸ்தவர்கள், நெருப்பு வழிபாட்டார் என 1,20,000 பேர் கொல்லப்பட்டதாக அபூ ஸைத் அஸ்ஸீராஃபி எழுதியுள்ளார். நான்கு சமயத்தாரும் ஒரே வாளுக்கு இரையாயினர்.

முஸ்லிம்களை உயர் பதவிகளில் அமர்த்திய குப்லாய் கானே, 1280-இல், நம் முறைப்படி அறுப்பதைத் தடை செய்து ஆணையிட்டார். ஏழாண்டுகள் அளவில் அத்தடை நீடித்தது. முஸ்லிம் வணிகர் வரவு குறைந்து தீர்வை வருவாய் விழுந்தது எடுத்துரைக்கப்பட்ட பின்னரே அது நீங்கியது என்று வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் குறிப்பிடுகிறார். உரிமை மீண்டது உண்மையே. ஆனால் அதனை மீட்டது நீதியுணர்வு அன்று, வரவு-செலவுக் கணக்கே.

பத்தாண்டுக் கலகம்

இப்பொழுது, கப்ருகளின் கற்கள் மதிலுக்குள் சென்ற வரலாற்றுக்கு வருவோம். இப்பகுதியை எழுதுகையில் நம் கை தயங்குகிறது. எனினும் எழுதியே ஆகவேண்டும்.

யுவான் அரசு தளர்ந்தபோது சுவான்சௌவில் இருந்த பாரசீகப் படையினர் 1357-இல் கிளர்ந்தெழுந்தனர். 'இஸ்பாஹ்' கலகம் என்று அது பெயர் பெற்றது. படை என்னும் பொருளுடைய 'ஸிபாஹ்' என்ற பாரசீகச் சொல்லே இதன் வேர் என்பர். நாம் வழங்கும் 'சிப்பாய்' என்பதற்கும் அதுவே வேர். ஸைஃபுத்தீன், அமீருத்தீன் என்னும் இருவர் தலைமை தாங்கினர். நகரைக் கைப்பற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. அண்டை ஊர்களின் அதிகாரப் போட்டியிலும் தலையிட்டனர். பின்னர் தமக்குள்ளேயே பிளவுண்டனர். அமீருத்தீனைக் கொன்று நகரைக் கைக்கொண்டவரும் அந்நகரின் அயல்நாட்டு வணிகக் குலத்தைச் சார்ந்தவரே. 1366-இல் யுவான் தளபதி சென் யூதிங்கின் படை நகருக்குள் புகுந்தது. மூன்று நாட்கள் வாயில்களை அடைத்துக்கொண்டு மேற்கு நாட்டார் அனைவரையும் கொன்றனர் என்றும், சுருண்ட முடியும் உயர்ந்த மூக்கும் கொண்டிருந்த பிறரும் தவறுதலாகக் கொல்லப்பட்டனர் என்றும் அவ்வூர்க் குடும்பம் ஒன்றின் வம்ச ஏடு பதிந்து வைத்துள்ளது.

வாளேந்தியோர் சில ஆயிரவர். விலை கொடுத்தோரோ தறி நெய்தவரும், மிளகு விற்றவரும், பள்ளியில் ஓதிக்கொடுத்தவரும், தொட்டிலில் கிடந்த குழந்தைகளும். முந்நூறாண்டுகளுக்கு மேல் சேர்த்த நல்லெண்ணம் பத்தாண்டுகளில் கரைந்தது. கப்ருகள் கேட்பாரற்றுப் போயின. அவற்றின் கற்கள் கட்டடக் கற்களாயின. சிவன் கோயிலின் தூண்கள் கூடப் பின்னாளில் காய்யுவான் என்னும் பௌத்த ஆலயத்தில் பொருத்தப்பட்டன. கலகத்தில் பங்கு கொள்ளாத சமயத்தாரின் அடையாளங்களும் அந்நகரில் நிலைக்கவில்லை.

மறந்தோரும் நினைந்தோரும்

1368-இல் மிங் அரசு வந்தது. அயல்நாட்டு உடையும் பெயரும் விலக்கப்பட்டன. ஆயினும் 1407-இல் பேரரசர் யோங்லே, முஸ்லிம்களை எவரும் இழிவுபடுத்தவோ துன்புறுத்தவோ கூடாதென ஆணை பிறப்பித்தார். அது அஸ்ஹாப் பள்ளிவாசலில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அவருடைய கடற்படைத் தலைவர் ஜெங் ஹே, யுன்னான் மாநிலத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1409-ஆம் ஆண்டு நாளிட்டு அவர் இலங்கையின் காலி நகரில் விட்டுச்சென்ற கல் இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெய்வந்துறை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் பேரரசர் செலுத்திய காணிக்கைகளை அது பட்டியலிடுகிறது. அத்தகைய காணிக்கை முறை நம் கொள்கைக்கு உடன்பாடானதன்று. எனினும் ஒவ்வொரு சமயத்தாரிடமும் அவரவர் அறிந்த மொழியில் பேசவேண்டும் என்று அவ்வரசவை உணர்ந்திருந்ததை அக்கல் காட்டுகிறது.

அரசு காத்தாலும், தம் மார்க்கத்தைத் தாமே கல்லாதவர்களை யார் காப்பது? மூன்று எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

முதலாவது, குன்றில் செதுக்கப்பட்ட மானியின் உருவம். அது இன்றும் உள்ளது; வழிபாடும் நடக்கிறது. ஆனால் வணங்குவோர் அதனைப் புத்தர் என்றே வணங்கி வந்தனர். உருவம் நின்றது, சமயம் மறைந்தது.

இரண்டாவது, கைஃபெங் நகரத்து யூதர்கள். அவர்களின் தொழுமிடம் 1163-இல் கட்டப்பட்டது. 1642-இன் பெருவெள்ளத்தில் அழிந்து மீண்டும் எழுந்தது. ஆனால் வெளியுலகத் தொடர்பு அற்றது. புதிய போதகர் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைசிப் போதகரும் மறைந்தார். தவ்ராத்தின் சுருள்கள் கையில் இருந்தன. அவற்றை ஓதத்தான் ஆளில்லை.

மூன்றாவது எடுத்துக்காட்டு நம் மனத்தை வாட்டுவது. சுவான்சௌவிலிருந்து வெளியேறிச் செந்தாய் என்னும் கரையூரில் குடியேறிய திங் குடும்பத்தார் முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள். தலைமுறைகள் செல்லச் செல்லத் தொழுகை விடுபட்டது, நோன்பு விடுபட்டது, அண்டை அயலாரைப் போன்றே முன்னோர் வழிபாடும் புகுந்தது. ஆயினும் முன்னோருக்குப் படைக்கும் படையலில் மட்டும் அவர்கள் பன்றி இறைச்சியை வைப்பதில்லை. ஏனெனில் முன்னோர் அதனை உண்டதில்லை என்பது மட்டும் நினைவில் நின்றுவிட்டது. 1979-இல் சீன அரசு அவர்களை ஹுய் இனத்தவராக ஏற்றது. சகோதரர்களே, ஒரு சமூகத்தின் ஈமான் ஒரு தட்டில் வைக்காத உணவாகச் சுருங்கிப்போனதை எண்ணிப் பாருங்கள்!

ஒரு மத்ரஸாவின் தொடக்கம்

இதே ஆபத்து சீன முஸ்லிம்கள் அனைவரையும் சூழ்ந்திருந்தது. அதற்கு மருந்து தேடியவர் ஷென்சி மாநிலத்தைச் சேர்ந்த ஹூ தெங்ஜோ (1522–1597). அரபியும் பாரசீகமும் அறிந்தோர் அருகி வருவதைக் கண்டு வருந்திய அவர், மாணவர்களைத் திரட்டிக் கற்பித்தார். அதிலிருந்து வளர்ந்ததே பள்ளிவாசலோடு இணைந்த மத்ரஸாக் கல்வி முறை. ஜமாஅத்தார் மாணவர்களுக்கு உணவும் இடமும் அளித்தனர். பட்டம் பெற்றவர் 'ஆஹோங்' என அழைக்கப்பட்டார்.

அங்கே பாடம் சீன மொழியில் விளக்கப்பட்டது. சீன எழுத்தறியாத மாணவர்கள் சீனச் சொற்களை அரபு எழுத்தில் எழுதிப் படித்தனர். 'சியாவ்அர்ஜிங்' என அதற்குப் பெயர். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ் நினைவுக்கு வருகிறதல்லவா! ஒருவரையொருவர் அறியாத இரு கரையோரும் ஒரே கவலைக்கு ஒரே வழியைக் கண்டனர்.

அடுத்த தலைமுறையார் இன்னும் ஓரடி முன் சென்றனர். வாங் தாய்யூ 1642-இல் தம் நூலை வெளியிட்டார். நான்ஜிங் நகரத்து லியூ ஜி 1704-இல் இறைமை பற்றியும் 1710-இல் வணக்க முறைகள் பற்றியும் நூல்களை வெளியிட்டார். கன்பூசியஸின் நூல்களைக் கற்றவர் புரிந்துகொள்ளும் நடையில் அவை அமைந்தன. ஒரு சொல்லேனும் கொள்கையை விற்காமல், அண்டை வீட்டாருக்குத் தெரிந்த சொற்களால் தம்மை விளக்கும் அரிய பணி அது.

அதன் பயன் 1782-இல் தெரிந்தது. ஹாய் ஃபூரூன் என்னும் முஸ்லிம், லியூ ஜியின் நூல்கள் உள்ளிட்ட மார்க்க நூல்களை வைத்திருந்ததற்காகக் கைது செய்யப்பட்டார். வழக்கு பேரரசர் சியான்லோங்கின் பார்வைக்குச் சென்றது. அந்நூல்களில் குற்றமேதுமில்லை என்று கூறிய பேரரசர், கைது செய்த அதிகாரிகளைக் கண்டித்து அவரை விடுவித்தார். முதல் பிரதியே வாசிக்கத்தக்க மொழியில் இருந்ததனால்தான் அந்நூல் தனக்குத்தானே சாட்சி சொல்ல முடிந்தது.

இதன்பின் எல்லாம் நலமாகவே நடந்தது என்று நாம் கூறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யுன்னானிலும் வடமேற்கிலும் பெருங்கலகங்களும் பேரழிவும் நேர்ந்தன. 1966 முதல் 1976 வரையிலான கலாச்சாரப் புரட்சியில் எல்லாச் சமயத்தாரின் வழிபாட்டுத் தலங்களும் மூடப்பட்டன, பின்னர்த் திறக்கப்பட்டன. அண்மை ஆண்டுகளில் பல பள்ளிவாசல்களின் குவிமாடங்கள் அரசின் கொள்கையால் அகற்றப்பட்டுள்ளன. சின்ஜியாங் பகுதியில் உய்குர் முஸ்லிம்கள் தடுத்து வைக்கப்பட்டது பற்றி 2022-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கடுமையான அறிக்கை வெளியிட்டது. சீன அரசு அதனை மறுக்கிறது. சியான் நகரப் பெரிய பள்ளிவாசலின் சீனக் கூரையைக் கட்டியோர் விரும்பிக் கட்டினர். ஒருவர் மனமுவந்து அயலாரின் மொழியை ஏற்பதும், ஆணையிட்டு அவருடைய அடையாளத்தை நீக்குவதும் ஒன்றாகா. முன்னது உறவை வளர்க்கும். பின்னது காயத்தையே வளர்க்கும்.

நமக்குரிய பாடம்

2021-இல் யுனெஸ்கோ சுவான்சௌவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அஸ்ஹாப் பள்ளிவாசலும், மானியின் உருவமும், பௌத்த ஆலயமும் ஒரே பட்டியலில் இடம் பெற்றுள்ளன. பயணிகள் இன்று அவற்றைப் பார்த்துச் செல்கின்றனர். ஆனால் அக்கற்களுக்கு உரிய மக்கள் எங்கே என்ற வினாவே நம்மைத் துரத்துகிறது.

ஆட்சியாளர் தரும் சலுகை நன்றிக்குரியது. ஆயினும் அதன்மேல் மட்டும் வீடு கட்டலாகாது. ஆயுதமேந்தும் சிலரின் அவசரம், அதனை விரும்பாத பலரின் வேரையும் அறுத்துவிடும். பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் மார்க்கத்தைக் கற்பிக்கும் ஓர் உஸ்தாது, மதிலைவிட உறுதியான அரண். நம்மைப் பற்றி அண்டை வீட்டாருக்கு நம் வாயாலேயே, நல்ல தமிழில், விளக்கிச் சொல்வது தயவு வேண்டுவதன்று, நம் கடமை.

நம் ஜமாஅத்தார் இதிலிருந்து இரண்டு செயல்களை மேற்கொண்டால் இக்கட்டுரை பயன் பெறும். மாலை நேர மக்தபில் பிள்ளைகள் ஓதுவதோடு, ஓதுவதன் பொருளையும் தமிழில் அறிந்து செல்கிறார்களா என்று ஒவ்வொரு பெற்றோரும் கேட்டறிய வேண்டும். நம் பள்ளிவாசலின் பழைய வக்ஃபு ஆவணங்களையும், அடக்கத் தலத்தின் பழைய மீஸான் கற்களில் உள்ள எழுத்துகளையும் படியெடுத்துப் பாதுகாக்க வேண்டும். சுவான்சௌவின் கற்களுக்கு ஓர் ஆசிரியர் வாய்த்தார். நம் கற்களை நாமே காப்பது அதனினும் எளிதன்றோ!

வல்ல அல்லாஹ் நம் சந்ததிகளை ஈமானிலும் கல்வியிலும் நிலைபெறச் செய்வானாக! அண்டை அயலாரோடு நல்லிணக்கத்துடன் வாழும் நற்பேற்றை நமக்கும், உலகெங்கும் துன்புறும் மக்கள் அனைவருக்கும் நிம்மதியையும் அருள்வானாக! ஆமீன்.